டெர்பிஷயர் கிராமம் ஒன்றில் செய்தி சுமந்த அனுபவம்

இங்கிலாந்தில் கிராமத்துப் பக்கம் வீடு பார்க்கலாமா என்று கேட்டுத் தோழிகள் அவ்வப்போது போன் செய்கிறார்கள். மருத்துவமனை வேலை, முதியோர் பராமரிப்பு வேலை, டெர்பியில் இன்ஜினியர் வேலை என்று இந்தப் பக்கம் வருகிற தமிழ்க் குடும்பங்கள் உண்டு. தோட்டம் வைத்த வீடு, பிள்ளைக்குச் சின்னப் பள்ளிக்கூடம் என்று ஆசையாகப் பேசுவார்கள். கடைசியில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அங்க நம்மள யாராவது எதுக்காவது கூப்பிடுவாங்களா?"

வீடு தேடி வந்து கூப்பிட மாட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது. ஆனால் ஊரில் நடக்கிற எல்லாவற்றுக்குமான அழைப்பு ஊர் நடுவே ஒரு பலகையில் ஒட்டியிருக்கும். மாதம் ஒருமுறை கதவிலுள்ள தபால் துளை வழியாக வீட்டுக்குள் வந்து விழும். அது உங்களுக்கும் சேர்த்துத்தான். தனியாக வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தால் வருடங்கள் ஓடிவிடும்.

நான் இருப்பது டெர்பிஷயரில், ஆஷ்போர்ன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். கணவருக்கு டெர்பியில் வேலை, எனக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. இந்த ஊரில் எனக்கு இன்று இருக்கும் சொந்தங்கள் எல்லாம், ஊர்ச் செய்தித்தாளை வீடு வீடாகப் போடும் வேலையை எடுத்துக்கொண்டதால் வந்தவை. அந்த வழியாகத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நோட்டீஸ் போர்டு. கண்ணாடிக் கதவு போட்ட ஒரு மரப்பெட்டி, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலோ வில்லேஜ் ஹால் என்கிற ஊர்ப் பொது மண்டபத்தின் வாசலிலோ நிற்கும். பார்ப்பதற்குப் பழைய பொருள் மாதிரி இருந்தாலும் அதற்குச் சட்டப்படி ஒரு வேலை இருக்கிறது. பாரிஷ் கவுன்சில் கூட்டம் நடப்பதற்கு 3 முழு நாட்களுக்கு முன்பே, ஊரில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் அறிவிப்பு வைத்தாக வேண்டும். ஒட்டுகிற நாளும் கூட்ட நாளும் அந்தக் கணக்கில் சேராது. நடையாகப் போகும்போது வாரம் ஒருமுறை அந்தப் பெட்டி முன் நின்று படித்தாலே ஊரில் அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடும்.

பாரிஷ் கவுன்சில் என்றதும் சர்ச் நிர்வாகம் என்று நினைத்து நம் ஆட்கள் பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். சர்ச்சுக்கென்று தனிக் குழு இருக்கிறது. பாரிஷ் கவுன்சில் என்பது கிராம அளவிலான மக்களாட்சி அமைப்பு. 1894-ம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்த நாட்டில், பாரிஷ் கவுன்சிலில் வாக்களிக்கவும் உறுப்பினராக நிற்கவும் அந்த 1894-லேயே வழி கிடைத்துவிட்டது. எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். விளையாட்டு மைதானம், பெஞ்சு, பஸ் நிழற்குடை, கல்லறைத் தோட்டம், காய்கறி பயிரிட வாடகைக்கு விடும் துண்டு நிலங்கள் இவையெல்லாம் அவர்கள் பொறுப்பில் வரும். அதற்கான பணம் நாம் கட்டும் கவுன்சில் டாக்ஸ் என்கிற உள்ளூர் வரியில் ஒரு சிறு பங்காகப் போகிறது. பில்லை எடுத்துப் பாருங்கள், தனி வரியாகவே போட்டிருப்பார்கள். உறுப்பினர்கள் வேலையைச் சேவையாகத்தான் செய்கிறார்கள். க்ளார்க் ஒருவருக்குத்தான் பகுதிநேரச் சம்பளம். எது வேண்டுமென்றாலும் முதலில் எழுத வேண்டியது அந்த க்ளார்க்குக்குத்தான்.

தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள். முறையான விசாவோடு இங்கே குடியிருந்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்து, உள்ளூர்த் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கிடைத்துவிட்டால் பாரிஷ் கவுன்சிலுக்கு நிற்கவும் செய்யலாம். சின்ன ஊர்களில் இடம் காலியாகவே கிடப்பது சாதாரணம். காலியிட அறிவிப்பு ஒட்டிய பிறகு, தேர்தல் வேண்டும் என்று 10 வாக்காளர்கள் எழுதிக் கேட்காவிட்டால், கவுன்சிலே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும். பலகையில் அந்தத் தாளைப் பார்த்தால் கடந்து போய்விடாதீர்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் இடையில், ஊர்ப் பொதுக்கூட்டம் ஒன்று நடந்தாக வேண்டும். அது கவுன்சிலின் கூட்டம் இல்லை, ஊர் வாக்காளர்களின் கூட்டம். எழுந்து பேசும் உரிமை உண்டு. வழக்கமாக டீயும் பிஸ்கட்டும் இருக்கும், ஊரில் உள்ள ஒவ்வொரு குழுவும் அந்த வருடம் என்ன செய்தது என்று சொல்லும். புதிதாக வந்தவர்கள் ஊர் முழுவதையும் ஒரே மாலையில் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

இனி செய்தித்தாள். எங்கள் ஊரில் அது ஏ5 அளவில், நடுவில் ஸ்டேப்ளர் அடித்த சில பக்கங்கள். இந்தப் பழக்கத்துக்கும் டெர்பிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1859-ல் டெர்பியில் பாதிரியாராக இருந்த ஜான் எர்ஸ்கின் கிளார்க் என்பவர், எல்லா ஊருக்கும் பொதுவான பக்கங்களை அச்சிட்டுக் கொடுத்து, அந்தந்த ஊர் தன் செய்தியை மேலே சேர்த்துக்கொள்ளும்படி ஒரு மாத இதழை ஆரம்பித்தார். அங்கிருந்து நாடு முழுக்கப் பரவிய வழக்கம் இது. இன்று பல ஊர்களில் சர்ச்சும் கவுன்சிலும் சேர்ந்து நடத்துகின்றன, சில ஊர்களில் தனிக் குழு. அச்சுச் செலவு உள்ளூர் விளம்பரத்தில் வருகிறது: புகைபோக்கி சுத்தம் செய்பவர், பிளம்பர், நாய் நடத்திக்கொண்டு போகிறவர், கால் நகம் வெட்டி விடுபவர்.

எல்லாம் போனில் வந்துவிடுகிறதே, தாள் எதற்கு என்று கேட்பார்கள். எங்கள் ஊருக்கு ஃபேஸ்புக் பக்கமும் இருக்கிறது, வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. தொலைந்த பூனைக்கும், ரோட்டில் விழுந்த மரத்துக்கும் அவை அருமை. ஆனால் நான் தாள் போடும் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்கள் பலரிடம் ஸ்மார்ட் போன் கிடையாது. அவர்கள்தான் ஊரின் எல்லா விழாவுக்கும் தவறாமல் வருகிறவர்கள், கேக் செய்கிறவர்கள், நாற்காலி எடுத்துப் போடுகிறவர்கள். அவர்கள் கைக்குச் சேராத அறிவிப்பு பாதி ஊருக்குச் சேராத அறிவிப்பு. ஒரு இசை நிகழ்ச்சியை வாட்ஸ்அப்பில் மட்டும் சொல்லிவிட்டு வெறும் ஹாலில் நடத்தியதை இங்கே பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருந்தது. பாடினவர்கள் அவ்வளவு நன்றாகப் பாடினார்கள்.

தாள் போடப் போனால் கதவைத் தட்ட வேண்டிய அவசியம் இல்லை. துளையில் போட்டுவிட்டு நடக்கலாம். ஆனால் கோடையில் எல்லாரும் முன்தோட்டத்தில்தான் இருப்பார்கள். "இந்த மாசம் என்னம்மா விசேஷம்?" என்கிற மாதிரி கேட்பார்கள். ஒரு வீட்டில் பீன்ஸ் கொடுப்பார்கள், இன்னொரு வீட்டில் நாயின் உடம்பு சரியில்லாத கதை முழுவதும் கேட்க வேண்டும். கேளுங்கள். யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு முழங்கால் ஆபரேஷன், யார் வீட்டுப் பிள்ளை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருக்கிறது என்று ஒரு சுற்றிலேயே தெரிந்துவிடும். போன மாதத் தாள் துளையிலேயே சொருகியபடி கிடந்தால் பக்கத்து வீட்டில் விசாரிப்பது எழுதப்படாத விதி. அப்படி விசாரித்ததால்தான் எங்கள் தெருவில் ஒரு பாட்டி கீழே விழுந்து கிடந்தது தெரிய வந்து, ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வந்தது.

கொஞ்ச நாளில் பக்கம் அமைக்கிற வேலையிலும் கைகொடுக்கச் சொன்னார்கள். ஆசிரியராக இருந்த பெண்மணி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அறிவிப்பு எழுதுவதில் அவர் வைத்திருந்த கண்டிப்பு எனக்கு இன்றும் உதவுகிறது. கிழமையும் தேதியும் சேர்ந்தே வர வேண்டும். "அடுத்த சனிக்கிழமை" என்று ஒருபோதும் எழுதக் கூடாது, ஏனென்றால் தாள் எந்த நாளில் கைக்குக் கிடைக்கும் என்று நமக்குத் தெரியாது. ஆரம்பிக்கும் நேரத்தோடு முடியும் நேரமும் வேண்டும், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கட்டணம் எவ்வளவு, கார்டு வாங்குவார்களா, சக்கர நாற்காலி உள்ளே போகுமா, கழிப்பறை உண்டா, வண்டியை எங்கே நிறுத்துவது, சந்தேகம் கேட்க யாரைக் கூப்பிடுவது. இவை இருந்தால் போதும், வர்ணனை வேண்டாம். "எல்லாரும் வாருங்கள் என்று எழுதாதே, என்ன சாப்பிடக் கிடைக்கும் என்று எழுது, வந்துவிடுவார்கள்" என்பார். அது நூற்றுக்கு நூறு உண்மை.

தனி மனிதர்களின் போன் நம்பரைப் போடுவதற்கு முன் அவர்களிடம் அனுமதி வாங்கி எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் இருக்கும் படம் என்றால் பெற்றோர் சம்மதம் கட்டாயம். மரணச் செய்தியைக் குடும்பம் சொன்ன பிறகுதான் போட வேண்டும். ஊர் முழுக்கப் பேசிக்கொண்டாலும் சரி, அந்த வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வந்தால்தான் அச்சுக்குப் போகும். இதில் எங்கள் ஆசிரியர் ஒரு நாளும் இறங்கி வந்ததில்லை.

வீடு கட்டும் அனுமதி விஷயம்தான் எல்லா ஊரிலும் சூடு கிளப்பும் செய்தி. எங்களுக்கு வடக்கே பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா இருக்கிறது. 1951-ல் பிரிட்டனில் அறிவிக்கப்பட்ட முதல் தேசியப் பூங்கா அது. பூங்கா எல்லைக்குள் இருக்கும் ஊர் என்றால் பூங்கா ஆணையமும், வெளியே இருந்தால் மாவட்டக் கவுன்சிலும் அனுமதி பற்றி முடிவெடுக்கும். பாரிஷ் கவுன்சில் கருத்து மட்டும்தான் சொல்ல முடியும். இது புரியாமல் கவுன்சில் உறுப்பினர்களிடம் கோபித்துக்கொள்கிறவர்கள் நிறைய. நாங்கள் தாளில் இதை அடிக்கடி போடுகிறோம்: யாருக்கு எழுத வேண்டும், எந்தத் தேதிக்குள் எழுத வேண்டும். சாதாரணமாகக் கருத்துச் சொல்ல 21 நாள்தான் இருக்கும், மாத இதழ் வருவதற்குள் அது முடிந்தும் போகும். அதனால் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் பலகையையும் வாட்ஸ்அப்பையும்தான் நம்ப வேண்டும்.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு விழா இருக்கிறது. அதைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமே இல்லை. கிணற்றுக்கும் ஊற்றுக்கும் பூவால் படம் செய்து வைப்பார்கள். வெல் டிரெஸ்ஸிங் என்று பெயர். ஆஷ்போர்னுக்கு வடக்கே டிஸ்ஸிங்டன் என்ற கிராமத்தில் மே மாதத்தையொட்டி வரும், இயேசு விண்ணேறியதை நினைக்கும் அசென்ஷன் திருநாளில் ஆரம்பிக்கும். அங்கே 6 கிணறுகளுக்குப் பூப்படம் வைக்கிறார்கள். 1348, 1349-ல் பிளேக் வந்தபோது ஊர்த் தண்ணீர் சுத்தமாக இருந்ததால் பிழைத்தோம் என்று ஒரு கதை, 1615-ல் கடும் வறட்சியிலும் ஊற்று வற்றவில்லை என்று இன்னொரு கதை. யூல்கிரீவ் என்ற ஊரில் 1829-ல் குழாயில் தண்ணீர் வந்ததைக் கொண்டாட ஆரம்பித்தார்கள். அங்கே ஜூன் மாதத்தில் நடக்கும். கோடை முடியும்வரை ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒரு ஊரில் இருந்துகொண்டே இருக்கும்.

எங்கள் ஊரிலும் உண்டு. மரச்சட்டத்தில் ஆணிகளை அடித்து, களிமண் பிடித்துக்கொள்ள வசதியாகச் செய்த பலகைகளைக் குளத்திலோ ஆற்றிலோ பல நாள் ஊறவைப்பார்கள். பலகை காய்ந்திருந்தால் களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். களிமண்ணில் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் காலால் மிதிக்க வேண்டும், உப்பு ஈரத்தைக் காக்கும். ரப்பர் பூட்ஸோடு பிள்ளைகளை இறக்கிவிட்டால் அந்த வேலை சிரிப்போடு முடிந்துவிடும். மண்ணைப் பலகையில் வழவழப்பாகப் பூசி, தாளில் வரைந்த படத்தை மேலே விரித்து, கோட்டின் மேல் ஊசியால் குத்திக் குத்தி மண்ணில் பதிப்பார்கள். கோட்டுக்கு ஆல்டர் மரத்தின் குட்டிக் கருங்காய்களை அழுத்துவார்கள். சில ஊரில் காபிக் கொட்டை வைப்பார்கள். அப்புறம்தான் இதழ் ஒட்டுவது. கீழிருந்து ஆரம்பித்து மேலே போக வேண்டும், ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையின் மேல் கொஞ்சம் ஏறி இருக்க வேண்டும். அப்போதுதான் மழை பெய்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் வழிந்து ஓடும். ஹைட்ரேஞ்சியா இதழ்தான் எல்லாரும் தேடுவது, நிறமும் நிற்கும், அளவும் ஒன்றாக இருக்கும். பாசி, பார்ஸ்லி இலை, விதை, முட்டை ஓடு, ஆட்டு ரோமம் என்று எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், ஆனால் இயற்கையில் கிடைத்ததாக இருக்க வேண்டும்.

இந்த வேலை முழுவதும் செய்தியால்தான் நடக்கிறது என்பதை உள்ளே போன பிறகுதான் உணர்ந்தேன். மாதங்களுக்கு முன்பே தாளில் வரும்: நீலப் பூ யார் வீட்டில் உண்டு, களிமண் மிதிக்க எந்த மாலை, இதழ் ஒட்ட எந்தெந்த நேரத்துக்கு ஆள் வேண்டும். காலையில் வர முடியாதவர் இரவு வருவார். இதழ் ஒட்டும் கொட்டகையில் இரவு பத்து மணிக்கும் விளக்கு எரியும். யார் எந்த மூலையை முடித்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போவார்கள், அடுத்து வருகிறவர் அங்கிருந்து தொடருவார். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது: உங்கள் கைவேலையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உட்காருவதற்கு ஒரு மெத்தை, குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எப்படி இதழ் வைக்கிறார் என்று பார்த்துச் செய்தால் போதும். மூன்று மணி நேரம் ஒருவர் பக்கத்தில் இதழ் ஒட்டிக்கொண்டிருந்தால் பேசாமல் இருக்க முடியாது. எனக்கு இங்கே கிடைத்த நல்ல தோழிகள் எல்லாம் அந்தக் கொட்டகையில் கிடைத்தவர்கள்.

ஒரு கோடையில் அம்மா தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார். இங்கிலீஷ் அவ்வளவாக வராது. கொட்டகைக்கு அழைத்துப் போனேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், "ஏண்டி, ஆடிப் பதினெட்டுக்கு நம்ம காவேரிக்குப் பண்றதுதானே இது" என்றார். அதற்கப்புறம் எனக்கு மொழிபெயர்க்கும் வேலையே இல்லை. கீழ்ப்பக்கத்து நீலம் முழுவதும் அம்மா வைத்ததுதான். ஊர்ப் பாதிரியார் வந்து தண்ணீருக்கு ஆசி சொன்னபோது, பித்தளை வாத்தியக் குழு வாசித்தபோது, அம்மா முன் வரிசையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பக்கத்தில் நின்ற பாட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வருடம் தாளில் பூ கேட்டு அறிவிப்பு வந்தபோது, "உங்கள் அம்மா எப்போது வருகிறார்?" என்று வழியில் பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள்.

பூப்படம் ஒரு வாரம்தான் தாங்கும். அந்த வாரத்தில் வெளியூர் ஆட்கள் வருவார்கள், அதனால் அதே சமயத்தில் டீக்கடையும் கோடை விழாவும் வைப்பது வழக்கம். இங்கேதான் சட்டமும் விண்ணப்ப வேலையும் வருகிறது. விழா நடத்தும் குழுவில் சேருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

மது உரிமம் இல்லாத இடத்தில் மது விற்க வேண்டுமென்றால் மாவட்டக் கவுன்சிலுக்குத் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு கொடுக்க வேண்டும். கட்டணம் 21 பவுண்டு. குறைந்தது 10 வேலை நாளுக்கு முன் போய்ச் சேர வேண்டும், சனி ஞாயிறும் வங்கி விடுமுறையும் கணக்கில் வராது. ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, வேலை செய்பவர்களும் அதில் அடக்கம். மே மாத விழாவுக்கு வங்கி விடுமுறைகள் குறுக்கே வரும், காலண்டரைப் பார்த்து நன்றாக முன்னாலேயே அனுப்பிவிடுங்கள்.

பரிசுக் குலுக்கல் வைக்கலாம். டிக்கெட்டை விழா நடக்கும் இடத்தில், விழா நேரத்தில் மட்டும் விற்றால் உரிமம் எதுவும் வேண்டாம். பரிசுக்கென்று வசூலிலிருந்து 500 பவுண்டு வரையும், செலவுக்கென்று 100 பவுண்டு வரையும்தான் எடுக்கலாம், மிச்சம் நல்ல காரியத்துக்குப் போக வேண்டும். சில வாரங்களுக்கு முன்பிருந்தே கடையில் வைத்து டிக்கெட் விற்கத் திட்டமிருந்தால் கதை வேறு. மாவட்டக் கவுன்சிலில் சிறு சங்கக் குலுக்கலாகப் பதிய வேண்டும், முதல் வருடம் 40 பவுண்டு, அப்புறம் வருடத்துக்கு 20 பவுண்டு. பொதுப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்பார்கள். பெரும்பாலும் வில்லேஜ் ஹாலின் காப்பீடு அதன் சுவருக்குள் நடப்பதற்கு மட்டும்தான். மைதானத்தில் நடத்தினால் அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ரோட்டை மூட வேண்டியிருந்தால் அதற்கு இன்னும் பல வாரம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

சாப்பாடு விஷயம் நமக்கு நேரடியாகப் பொருந்தும். நம் பலகாரத்தை ஆசையாகக் கேட்டு வாங்குவார்கள், நாமும் சந்தோஷமாகக் கொடுப்போம். ஒவ்வாமை தரும் பொருள் என்று இங்கே 14 வகையை அறிவித்திருக்கிறார்கள். நம் சமையலில் பாதி அதில் இருக்கிறது: கடுகு, எள், வேர்க்கடலை, முந்திரி, பால், கோதுமை. எலுமிச்சை சாதத்தில் கடுகு தாளிப்பு இருக்கிறது என்று நமக்கு எழுதத் தோன்றாது, ஆனால் எழுத வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், அதையும் சேர்க்க வேண்டும். நான் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சின்ன அட்டை எழுதி வைக்கிறேன். மசால் வடைக்குப் பக்கத்தில் அந்த அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு தாய் தன் பிள்ளைக்கு எள் ஆகாது என்று சொல்லி, வடையில் எள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வாங்கினார்.

ஆகஸ்ட், செப்டம்பரில் வரும் விளைபொருள் போட்டிக்கும் போய்ப் பாருங்கள், முடிந்தால் கலந்துகொள்ளுங்கள். நீள பீன்ஸ், வெங்காயம், ஜாம், கேக் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் போட்டிப் பிரிவு. விதிகளைப் படிப்பதுதான் இதில் பாதி வெற்றி. ஐந்து தக்காளி என்று எழுதியிருந்தால் ஐந்துதான். ஆறு வைத்தால், அது ஊரிலேயே நல்ல தக்காளியாக இருந்தாலும், நடுவர் சீட்டில் என்.ஏ.எஸ். என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அட்டவணைப்படி இல்லை என்று பொருள். விக்டோரியா கேக்கில் ராஸ்பெரி ஜாம் மட்டும், உள்ளே க்ரீம் கூடாது, மேலே கேஸ்டர் சுகர் என்கிற மெல்லிய மணிச் சர்க்கரை தூவினால் போதும். விமன்ஸ் இன்ஸ்டிடியூட் என்கிற மாதர் சங்கத்துப் பெண்மணிகள் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மாதர் சங்கம் என்றால் சின்ன விஷயம் இல்லை. கனடாவில் 1897-ல் தொடங்கி, 1915-ல் வேல்ஸுக்கும் அதே வருடம் இங்கிலாந்துக்கும் வந்த இயக்கம். மாதம் ஒரு மாலை கூடுவார்கள், யாராவது வந்து பேசுவார்கள், நீங்களும் பேசலாம். சேலை கட்டுவது பற்றியோ, நம் மசாலா பற்றியோ பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்கள்.

மற்ற விழாக்களை வேகமாகச் சொல்லிவிடலாம். ஈஸ்டருக்கு முன் வரும் லென்ட் நோன்பு தொடங்குவதற்கு முந்தைய செவ்வாயன்றும் மறுநாள் புதனன்றும் ஆஷ்போர்னில் ஊர் முழுக்க ஓடும் பந்தாட்டம், இரண்டு கோலுக்கும் இடையே சுமார் 3 மைல். கடைகள் கண்ணாடியைப் பலகை அடித்து மறைத்துவிடும், அந்தப் பக்கம் கார் எடுத்துப் போகாதீர்கள். நவம்பர் 5-க்கு வாண வேடிக்கை. நவம்பர் இரண்டாம் ஞாயிறு போர் நினைவு நாள். காலை 11 மணிக்கு நினைவுத் தூண் முன் இரண்டு நிமிட மௌனம், போரில் இறந்த அந்த ஊர்க்காரர்களின் பெயர்களை வாசிப்பார்கள். ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வரும் ஊர்கள் உண்டு. அன்றைக்குக் கட்டாயம் போங்கள், கறுப்புக் கோட்டும், அன்றைக்கு எல்லாரும் குத்திக்கொள்ளும் சிவப்புப் பாப்பிப் பூவும் போதும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

செய்தித்தாளில் இன்னொரு பகுதி இருக்கிறது. படித்துவிட்டு மறந்துவிடக் கூடியது, ஆனால் உயிரைக் காப்பது. பிரிட்டிஷ் டெலிகாம் 2008 முதல் பயன்படாத சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளை ஊர்களுக்கு 1 பவுண்டுக்குக் கொடுத்து வருகிறது. எங்கள் ஊர்க் கூண்டில் இப்போது, திடீரென்று நின்றுபோகும் இதயத்தை மின் அதிர்ச்சியால் மீட்கும் கருவி இருக்கிறது. அவசர உதவி எண்ணான 999-க்குப் போன் செய்தால் அவர்கள் பெட்டியின் எண்ணைச் சொல்லித் திறக்க வைப்பார்கள். கருவியின் ஒட்டும் தகடுகளுக்குக் காலாவதித் தேதி உண்டு, பேட்டரி தீரும், பச்சை விளக்கு எரிகிறதா என்று யாராவது வாராவாரம் பார்க்க வேண்டும். அந்த "யாராவது" எங்கள் தாளில் பெயரோடு வருவார், அவர் விடுமுறைக்குப் போனால் பதிலாள் பெயரும் வரும். பனி கொட்டும் நாட்களில் மருந்து வாங்கி வந்து தர யார் தயார் என்று ஒரு பட்டியலும் போடுகிறோம். அதில் எங்கள் வீட்டு நம்பரும் இருக்கிறது. பனியில் ஆஷ்போர்ன் வரை நடந்து போய் ஒரு பெரியவருக்கு மாத்திரை வாங்கி வந்த நாள், என் கணவருக்கு இந்த ஊரின் மேல் உரிமை வந்த நாள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? தாளின் பின் அட்டையில் ஆசிரியரின் ஈமெயில் இருக்கும். "நான் இன்ன தெருவுக்குப் புதிதாக வந்திருக்கிறேன், தாள் போடுவதற்கு ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள்" என்று இரண்டு வரி எழுதினால் போதும். ஆள் தேவைப்படாத ஊரை நான் இன்னும் பார்க்கவில்லை. பதில் வர ஒரு வாரம் ஆகலாம், அவர்களும் வேலைக்குப் போகிறவர்கள்தான். வந்ததும் முதல் மாதம் பழைய ஆளோடு சேர்ந்து நடங்கள். எந்த வீட்டில் துளை கீழே இருக்கிறது, எந்தக் கேட்டைக் கட்டாயம் சாத்த வேண்டும், எந்த வீட்டில் நாய் தாளைக் கடித்துவிடும் என்பதால் பால்பெட்டியில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மழைக்கு ஒரு பிளாஸ்டிக் பை எடுத்துக்கொள்ளுங்கள்.